ஆசிரியர் திரும்பாத பக்கம்

2025 ஜூலையில் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வகுப்பறைகளில் இருக்கைகளை 'ப' வடிவில் போட வேண்டும், கடைசி பெஞ்சு என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2024-இல் வெளியான 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்ட செய்தி அப்போதுதான் இங்கே பரவியிருந்தது. உத்தரவு வந்த வேகத்தில் எதிர்ப்பும் வந்தது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பினால் வலிக்காதா, நாற்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் அறையில் 'ப' போட இடம் எங்கே என்று பலரும் கேட்டார்கள். சில நாட்களிலேயே உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

பேச்சு அத்தோடு அடங்கிப்போனதில் எனக்கு வருத்தம். வகுப்பறையை எப்படி அமைப்பது என்பது தமிழ்நாட்டில் பொதுவெளியில் பேசப்படுவதே அபூர்வம். பேசப்பட்ட அந்தச் சில நாட்களிலும் பெஞ்சு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதைத் தாண்டி யாரும் போகவில்லை. தொடக்கப்பள்ளியின் நிலைமையோ வேறு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை, மற்றவர் நான்கும் ஐந்தும். ஒருவருக்குப் பயிற்சியோ மாற்றுப்பணியோ வந்துவிட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். அப்படிப்பட்ட அறைக்குள் எந்த நேரத்தில் நுழைந்தாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஆசிரியரின் நேரடிக் கவனத்தில் இருக்க மாட்டார்கள்; இருக்கவும் முடியாது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவர் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் இருபது நிமிடத்தில் ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் என்ன செய்யும்? கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருக்குமா? அல்லது எடுக்க ஒரு புத்தகமும், எழுத ஓர் இடமும், கேட்க ஒரு தோழியும் அந்தக் குழந்தைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமா? ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறை நன்றாக அமைந்திருக்கிறதா என்று தீர்மானிக்க இந்த ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து. இருக்கை, சுவர்ப் படம், ஸ்மார்ட் போர்டு எதுவானாலும் இதைக் கொண்டுதான் எடைபோட வேண்டும்.

மணலும் பெஞ்சும்

வரிசையாக பெஞ்சு போட்டு ஆசிரியர் முகத்தைப் பார்த்து உட்கார வைப்பதுதான் காலங்காலமான முறை என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டுக்கு அது புதுசு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவும் கிடையாது. சின்னவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். தேறியவர்கள் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். சட்டாம்பிள்ளை மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். ஆசிரியர் ஒவ்வொருவராக அழைத்துப் பாடம் கேட்டார். அங்கே நடந்த பிரம்படியையும், பெரும்பாலான திண்ணைகளில் தலித் குழந்தைகளுக்கு இடமே இல்லாதிருந்ததையும் மறைத்துவிட்டு அந்தப் பள்ளிகளைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனாலும் பல வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில், அவரவர் நிலையில், ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டு படிக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது.

அந்த ஏற்பாடு கடல் கடந்தது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பள்ளிப் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தவர், அதையே தம் பள்ளிக்கும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பி 1797-இல் லண்டனில் இதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் இதுபோன்ற ஒன்றை நடத்தினார். அவருடைய பள்ளியில் ஒரே பெரிய கூடம். ஆசிரியரைப் பார்த்தபடி வரிசை வரிசையாக நீண்ட பெஞ்சுகள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கும் சட்டாம்பிள்ளைகள். பிற்பாடு பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகியதும் சட்டாம்பிள்ளைகள் அங்கே மறைந்தார்கள், பெஞ்சுகள் நிலைத்துவிட்டன. மிஷன் பள்ளிகள், அரசுப் பள்ளிகள் வழியாக நமக்குத் திரும்பி வந்தது அந்த பெஞ்சுதான். இங்கிருந்து போன சக மாணவர் கற்பித்தல் திரும்பி வர இரண்டு நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் இன்னொரு விதையும் சென்னையில் விழுந்தது. 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றையும் குழந்தையின் உயரத்துக்கு இறக்கினார். குழந்தை தானே எடுத்து, தானே செய்து, தானே திருப்பி வைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் இத்தாலியக் குடிமகளான அவர் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் பணியைத் தொடர்ந்தார். அவர் பெயர் இன்று நகரங்களில் கட்டணம் வசூலிக்கும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தொங்குகிறது. ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறை ஏழைக் குழந்தைகளின் பள்ளியைத்தான் கடைசியாக எட்டிப்பார்த்தது.

வரிசையா, வட்டமா?

இருக்கை பற்றி உலகில் நடந்த ஆய்வுகள் ஏராளம். அவை 'ப' கட்சிக்கும் சாதகமாக இல்லை, வரிசைக் கட்சிக்கும் சாதகமாக இல்லை. ரேச்சல் வன்னார்கா, கேத்தி ரூல் இருவரும் 2008-இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். குழந்தை தனியாக எழுதவோ கணக்குப் போடவோ வேண்டிய நேரத்தில் வரிசையில் உட்கார்ந்தால் கவனம் கூடுகிறது. அதிகம் பயனடைவது சட்டென்று கவனம் சிதறும் பிள்ளைகள். கூடிப் பேசிச் செய்ய வேண்டிய வேலைக்கு எதிரெதிராகவோ வட்டமாகவோ உட்கார்வது உதவுகிறது. ஆக, வேலைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. காலையில் கதை சொல்லும்போது வட்டம், எழுத்துப் பயிற்சியில் வரிசை, கணிதக் கருவிகளோடு நால்வர் குழு என்று ஒரே நாளில் மூன்று முறை மாறக்கூடிய அறைதான் நமக்கு வேண்டும். எந்த ஒரு வடிவத்தையும் ஆண்டு முழுவதற்கும் உத்தரவிடுவது தவறு. அது 'ப'வாக இருந்தாலும் சரிதான்.

மாற்றிப் போட வசதியாக இருப்பது எது? இரும்புச் சட்டத்தில் டெஸ்க்கும் பெஞ்சும் சேர்த்துப் பற்றவைத்த இருக்கையை ஏழு வயதுப் பிள்ளைகளால் நகர்த்த முடியாது. பெரியவர்கள் அளவுக்குச் செய்த பெஞ்சில் அவர்கள் கால் தரையைத் தொடாமல் தொங்கும். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பிப்பார்கள், அதற்கும் திட்டு விழும். மூன்றாம் வகுப்பு வரையாவது சுத்தமான பாயும், சுற்றி உட்காரத் தாழ்வான சில மேசைகளும் போதும் என்பேன். தரையில் உட்கார வைப்பதை மட்டம் என்று கருதும் பெற்றோரின் மனவருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. யார் தரையில், யார் மேலே என்பது இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக அவமானத்தின் அளவுகோலாக இருந்திருக்கிறது. ஆகவே ஒரு நிபந்தனை: ஆசிரியரும் அதே பாயில் உட்கார வேண்டும். அவர் நாற்காலியிலும் பிள்ளைகள் வெறும் சிமென்டுத் தரையிலும் என்றால் பெற்றோரின் கோபம் நியாயமானது.

எந்த இடத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதற்கு வருவோம். 1970-இல் ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் என்ற ஆய்வாளர்கள் வகுப்பறைகளைப் படம்பிடித்துப் பார்த்தபோது, ஆசிரியரின் கேள்வியும் பார்வையும் பெரும்பாலும் முன்வரிசைக்கும் நடுவில் நேர்கோட்டில் இருப்பவர்களுக்குமே போவது தெரிந்தது. ஆசிரியர் வேண்டுமென்றே செய்வதல்ல. நின்ற இடத்திலிருந்து பார்வை போகும் வழி அது. நம் ஊரில் இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்வதும், சில தெருப் பிள்ளைகளுக்கு எப்போதும் ஓரம் வாய்ப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடும். நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்தது இதனால்தான். தொடக்கப்பள்ளிக்கு அதிலும் எளிய வழி உண்டு: வாரந்தோறும் திங்கட்கிழமை இடத்தைச் சுழற்றிவிடுவது. இதற்குப் பைசா செலவில்லை. காது மந்தமான குழந்தைக்கும் கண்பார்வை குறைந்த குழந்தைக்கும் மட்டும் முன்னிடம் நிலையாக இருக்கட்டும். இடக்கையால் எழுதும் குழந்தையை பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிபடாது.

அறையின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 அடிக்கு 20 அடி அறை ஒன்று 400 சதுர அடி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கநிலையில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள். தலைக்குச் சுமார் 13 சதுர அடி. அதில் ஆசிரியர் மேசை, இரும்பு பீரோ, கதவு திறக்கும் இடம், கரும்பலகை முன் நிற்கும் இடம் எல்லாம் போனால் பத்தும் மிஞ்சாது. ஆசிரியர் மேசையை மூலைக்குத் தள்ளினாலே நான்கு குழந்தைகள் உட்கார இடம் கிடைக்கும். இருபது பேர் பாயில் உட்காரும் கிராமத்துப் பள்ளிக்கு 'ப' அருமையாகப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த உத்தரவு எல்லா அறைக்கும் என்று வராமல் இத்தகைய பள்ளிகளுக்கான யோசனையாக வந்திருந்தால் இன்று பல இடங்களில் நிலைத்திருக்கும்.

கம்பிப் பந்தலின் கீழே

நான் முதலில் கேட்ட கேள்விக்குத் தமிழ்நாடு ஒருமுறை முழு விடை எழுதிப் பார்த்தது. செயல்வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். கர்நாடகத்தின் நீல்பாக் கிராமத்தில் 1970-களில் டேவிட் ஆர்ஸ்பரோ நடத்திய சிறு பள்ளியில் பல வயதுக் குழந்தைகள் ஒரே கூரையின் கீழ் அவரவர் வேகத்தில் படித்தார்கள். அந்தச் சிந்தனையை ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி, சுற்றுவட்டார ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் படிநிலைகளும் கொண்ட முறையாக வளர்த்தது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பார்க்க வைத்து, சில பள்ளிகளில் அதைத் தொடங்கினார். 2007-08-இல் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை மாநிலம் முழுவதற்கும் அது வந்தது.

அந்த அறைக்குள் நுழைந்த குழந்தை முதலில் போனது சுவரிலிருந்த வருகைப் பட்டியலுக்கு. தன் பெயருக்கு நேரே தானே குறி போடும். வெயிலா மேகமா மழையா என்று பார்த்துக் காலநிலை அட்டவணையை நிரப்பும். பிறகு கற்றல் ஏணிக்கு முன் போய் நிற்கும். நேற்று முடித்த படி எது, இன்றைக்கு எது என்று அங்கே தெரிந்துவிடும். படிக்குரிய அட்டையில் ஒரு விலங்கின் படமோ பொருளின் படமோ சின்னமாக இருக்கும். அதே சின்னம் ஒட்டிய தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொள்ளும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதையும் அட்டையே சொல்லும். ஆசிரியரின் முழு உதவியோடு, கொஞ்சம் உதவியோடு, சக மாணவரின் முழு உதவியோடு, கொஞ்சம் உதவியோடு, தானே, மதிப்பீடு என்று ஆறு குழுக்கள், ஆறு பாய்கள். சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிலும் குழந்தை உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கரும்பலகைப் பட்டை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்களும் எழுதிய தாள்களும் தொங்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பொருளும் ஆசிரியரின் ஒரு வேலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஏணி சொன்னது. பொருளை எங்கே எடுப்பது என்று சின்னம் சொன்னது. யாரிடம் கேட்பது என்று குழு சொன்னது. அதனால் ஆசிரியருக்கு மிச்சமான நேரம், எழுத்துக் கூட்டத் தடுமாறும் நான்கைந்து குழந்தைகளோடு பாயில் உட்காரப் பயன்பட்டது. தமிழகத் தொடக்கக் கல்வி வரலாற்றில் வகுப்பறையின் அமைப்பை இத்தனை முழுமையாகக் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து யோசித்தது இந்த ஒருமுறைதான்.

ஆனால் அது தேய்ந்தது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. புதியவை உரிய நேரத்தில் வரவில்லை. ஒரே ஓர் அட்டை இல்லையென்றால் ஏணியில் அந்தப் படியிலேயே குழந்தை நின்றுவிடும். ஏணியும் இறுக்கமாக இருந்தது. படியைத் தாண்ட ஆசிரியருக்கே உரிமையில்லை என்று பலரும் நம்பினார்கள். ஆசிரியர் வகுப்பு முழுவதையும் உட்கார வைத்துக் கதை சொல்வதும் பேச வைப்பதும் குறைந்தது. புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத படிப்பைப் பெற்றோர் சந்தேகித்தார்கள். எளிமைப்படுத்திய வடிவம் வந்தது, பருவத்துக்கொரு பாடநூல் வந்தது, கம்பிப் பந்தல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலை பிரித்து, கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம் என அறையின் பகுதிகளைப் பிரித்துக்கொண்டது. கதையும் பாட்டும் பேச்சும் அதன் வழியே திரும்பி வந்தது நல்லது. ஆனால் பல அறைகளில் களம் என்பது சுவரில் ஒட்டிய பெயர்ப்பலகையாக மட்டும் நிற்கிறது. கதைக் களத்தில் புத்தகம் இல்லை என்றால் அது வெறும் மூலைதான்.

சுவர் பேசட்டும், இரையக் கூடாது

அரசுப் பள்ளியை மேம்படுத்துகிறோம் என்று முன்வரும் நல்லுள்ளங்கள் முதலில் செய்வது சுவருக்கு வண்ணம் அடிப்பது. உள்ளே தரையிலிருந்து கூரை வரை பெருக்கல் வாய்ப்பாடு, தேசத் தலைவர்கள், சூரியக் குடும்பம், பழங்கள், ரயில்பெட்டி. அந்த அன்பை மதிக்கிறேன். அதன் விளைவு பற்றி ஆய்வு சொல்வதையும் மறைக்கக் கூடாது. 2014-இல் அமெரிக்காவில் அன்னா ஃபிஷரும் அவர் குழுவினரும் மழலை வகுப்புக் குழந்தைகள் 24 பேருக்கு ஒரே மாதிரியான அறிவியல் பாடங்களைப் படங்கள் நிறைந்த அறையிலும், சுவர் வெறுமையாக இருந்த அறையிலும் நடத்தினார்கள். வெறுமையான அறையில் சரியான விடைகள் 55 விழுக்காடு. நிறைந்த அறையில் 42. கவனச் சிதறலும் நிறைந்த அறையில்தான் அதிகம். சிறிய ஆய்வு, சில நாள் பாடங்கள். அதை வைத்து எல்லாச் சுவரையும் சுரண்டிவிட முடியாது. ஆனால் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாரட் குழுவினர் 27 தொடக்கப்பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் 3,766 மாணவர்களையும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான் இருக்கிறது: வண்ணமும் படமும் மிதமாக இருக்கும் அறையில் கற்றல் சிறக்கிறது, வறண்டு கிடந்தாலும் குறைகிறது, திணித்தாலும் குறைகிறது.

நம் சுவர்களில் என்னைப் பெரிதும் உறுத்துவது படங்களின் நிரந்தரம். பெயிண்டில் வரைந்த யானை ஐந்து வருடமும் அதே யானை. முதல் வாரத்துக்குப் பிறகு எந்தக் குழந்தையும் அதைப் பார்ப்பதில்லை. கபீர் வாஜ்பாயி தில்லியிலிருந்து வளர்த்தெடுத்த, கட்டடத்தையே கற்றல் கருவியாக்கும் 'பாலா' முறை இதில் ஒரு படி மேல்: கதவு திறக்கும் தரையில் கோணமானி வரைவது, ஜன்னல் கம்பியில் எழுத்துக்கு முந்தைய வளைவுகளை அமைப்பது, தூணில் உயரம் அளக்கக் கோடு போடுவது. குழந்தை தொட்டு, அளந்து, விளையாடிப் பயன்படுத்துபவை இவை. அதோடு இன்னொன்றும் வேண்டும்: ஆசிரியருக்குப் பின்னாலுள்ள சுவர் அமைதியாக இருக்க வேண்டும். கரும்பலகையைச் சுற்றி எதையும் ஒட்டாதீர்கள். பக்கச் சுவர்களில், குழந்தையின் கண் உயரத்தில், இந்த மாதம் நடக்கும் பாடமும் இந்த வாரம் பிள்ளைகள் எழுதியதும் இருக்கட்டும். தான் எழுதிய நான்கு வரி சுவரில் இருப்பதைப் பார்க்க ஒரு குழந்தை எத்தனை முறை அந்தப் பக்கம் போய் வரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

காற்று, வெளிச்சம், சத்தம்

சால்ஃபோர்டு ஆய்வு அறையின் அமைப்பால் விளையும் பயனில் ஏறத்தாழப் பாதி வெளிச்சம், வெப்பநிலை, காற்று இவற்றைச் சேர்ந்தது என்கிறது. இங்கிலாந்தில் வெயிலை உள்ளே அழைக்க வேண்டும், இங்கே வெளியே நிறுத்த வேண்டும்; ஆனால் முன்னுரிமை வரிசை நமக்கும் அதுதான். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. அகற்றியே ஆக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பல ஊர்களில் வந்த தகரமும் சிமென்டு ஷீட்டும் வேறொரு வேதனையைத் தந்தன. மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கூரையின் கீழே யாருக்கும் ஒன்றும் மண்டையில் ஏறாது. 2023-லும் 2024-லும் வெயிலுக்காகவே பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தோம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடினால் அந்த ஆண்டுக் கற்றலில் சுமார் 1 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. கூரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, மேற்குச் சுவருக்கு வெளியே வேம்போ புங்கனோ வைப்பது, எதிரெதிர் ஜன்னல்களை மறைக்காமல் விடுவது ஆகியவை மலிவானவை. கும்பகோணம் சொன்ன இன்னொரு பாடத்தையும் இங்கே சேர்க்கிறேன்: எந்த வாசலையும் பீரோவோ உடைந்த பெஞ்சோ மறித்திருக்கக் கூடாது.

வெளிச்சம் குழந்தையின் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். கரும்பலகையில் பட்டுக் கூசக் கூடாது. ஸ்மார்ட் போர்டு வந்த அறைகளில் திரை தெரியவில்லை என்று ஜன்னலைச் சாத்துகிறார்கள். காற்றும் நின்றுபோகிறது, புழுக்கம் கூடுகிறது.

சத்தத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்த வழிகாட்டுதல், பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி சுமார் 0.6 நொடியில் அடங்க வேண்டும் என்கிறது. நம் அறைகளில் சிமென்டுத் தரை, சிமென்டுச் சுவர், கடகடக்கும் மின்விசிறி, தடுப்பில்லாமல் பக்கத்தில் இன்னொரு வகுப்பு. பெரியவர்களான நாம் பாதிச் சொல் காதில் விழுந்தாலே மீதியை ஊகித்துவிடுவோம். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல்லே புதிது, ஊகிக்க முடியாது. தமிழில் ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் ர, ற வேறுபாடும் காதால் கேட்டுத்தான் பிடிபடும். மின்விசிறிக்குக் கீழே கடைசியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 'வலி'யும் 'வழி'யும் ஒன்றாகவே கேட்கிறது. பிறகு பிழையோடு எழுதுகிறது என்று சிவப்பு மையால் சுழிக்கிறோம். பாய் விரிப்பது, ஜன்னலில் துணித் திரை போடுவது, இரண்டு வகுப்புக்கும் நடுவே புத்தக அலமாரியைக் குறுக்கே வைப்பது, மொழிப்பாடம் நடக்கும்போது மற்ற வகுப்புக்கு எழுத்து வேலை தருவது எல்லாமே சத்தத்தைக் குறைக்கும்.

பீரோவின் சாவி

கடைசியாக, மிக எளிதாகத் தோன்றுவதும் மிகக் கடினமானதும். பெரும்பாலான அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கற்றல் பொருட்கள் இருக்கின்றன. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் முதலே அரசுகள் கொடுத்துவருகின்றன. கணித உபகரணப் பெட்டி, ஆணிமணிச் சட்டம், மின்னட்டைகள், 2023-இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த அழகான சிறு புத்தகங்கள். அவை எங்கே? பல பள்ளிகளில் பீரோவுக்குள். சாவி தலைமையாசிரியர் மேசையில். கேட்டால், "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியிருக்கு சார், கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பார்கள். இதில் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் கேள்வி வருவது அவருக்குத்தான். கிழியாத புத்தகத்துக்காகப் பாராட்டு, கிழிந்த புத்தகத்துக்காக விளக்கக் கடிதம் என்று இருக்கும்வரை பீரோ பூட்டியே இருக்கும். தொடக்கப்பள்ளிப் புத்தகங்களும் அட்டைகளும் பயன்பாட்டில் தேயும் பொருட்கள் என்று கணக்கில் ஏற்று, ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கழித்துப் புதிதாகத் தர வேண்டும். இது ஓர் உத்தரவில் முடிகிற காரியம். இருக்கை வடிவத்துக்கு உத்தரவு போட்ட துறை இதற்குப் போட்டால் ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் ஒரே மாதத்தில் மாறும்.

புதிய கட்டடங்களுக்குப் பேராசிரியர் அன்பழகன் திட்டம் போன்றவற்றில் பெரும் பணம் ஒதுக்கப்படுகிறது. அந்த வரைபடங்களிலேயே தாழ்வான கரும்பலகைப் பட்டையும், மூன்றடிக்கு மேற்படாத திறந்த புத்தக அடுக்கும், இரண்டு வாசலும், நிழல் தரும் தாழ்வாரமும் இடம்பெற வேண்டும். பிறகு சேர்ப்பதைவிடக் கட்டும்போதே வைப்பது மலிவு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது சுற்றுச்சுவர், வர்ணம், ஸ்மார்ட் டிவி பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் பிள்ளை உட்காரும் இடத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். பலகை தெரிகிறதா, ஆசிரியர் குரல் கேட்கிறதா, காற்று வருகிறதா, கைநீட்டி எடுக்க ஒரு புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். புத்தகம் கிழிந்தால் ஆசிரியரோடு நாங்களும் பொறுப்பு என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள்.